எழுத்தால் இயன்ற வானொலி

காற்றிலே தோன்றிக் காற்றிலே மறையும் ஓசையைப் பிடித்து நிறுத்தும் கலையை மக்களினம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே கண்டது. அக்கலையின் பெயர் எழுத்து. ஓசைக்கு உருவம் கொடுத்து ஓலையிற் பொறித்த பின்னர், அதனைக் கூட்டவும் குறைக்கவும் திருத்தவும் பிறர் கையிற் கொடுக்கவும் இயன்றது. அத்தகையதொரு மாற்றம் வானொலித் துறையிலும் அண்மைக் காலத்தில் நிகழ்ந்துள்ளது. சுருளாலும் தகட்டாலும் இயன்ற வானொலிப் பெட்டி எழுத்தால் இயலும் பொருளாகிவிட்டது. அதனை மென்பொருள் வானொலி என்பர். உள்ளங்கையில் அடங்கும் கணிப்பொறி ஒன்று அதற்குப் போதும் என்பது பெரிதும் வியக்கத்தக்கது.

பழைய வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்தவர் அதன் உள்ளமைப்பை அறிவர். ஏரியல் என்று வழங்கும் வான்கம்பியில் ஒரே காலத்தில் எத்தனையோ நிலையங்களின் அலைகள் வந்து மோதும். அவற்றுள் வேண்டியதைத் தேர்ந்தெடுப்பதற்குச் சுருளும் மின்தேக்கியும் இணைந்த சுற்று ஒன்று. தேர்ந்த அலையை வலுப்படுத்த மற்றொன்று. அலையின்மேல் ஏறிவந்த பேச்சையும் பாட்டையும் பிரித்தெடுக்க வேறொன்று. இங்ஙனம் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வோர் உறுப்பு உண்டு. அமெரிக்க நாட்டு அறிஞர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1918ஆம் ஆண்டில் வகுத்த அமைப்பு முறையே பின்வந்த பெட்டிகள் பெரும்பாலானவற்றிற்கு அடிப்படையாயிற்று. ஆனால், உறுப்பு மாறினாலன்றித் தொழில் மாறாது என்னும் குறை அதற்கு இருந்தது.

அவ்வறிஞரே பண்பலை முறையைக் கண்டு 1933ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அலையின் வீச்சை ஏற்றி இறக்கிச் செய்தியை அனுப்பியது பழைய முறை. அலையின் அதிர்வெண்ணை மாற்றி அனுப்புவது பண்பலை முறை. இதனால் இரைச்சல் குறைந்தது, இசை தெளிந்தது. ஆயினும் பழைய பெட்டிக்கு இஃது அறியாத மொழி. இந்திய நாட்டில் முதன்முதலாகச் சென்னையில் 1977ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23ஆம் நாள் பண்பலை ஒலிபரப்புத் தொடங்கிற்று. மத்திய அலைப் பெட்டி மட்டும் வைத்திருந்தவர் அதனைக் கேட்க இயலவில்லை. அலை கூரைமேல் தவழ்ந்தது. பெட்டியோ செவிடாய் இருந்தது. புதுப்பெட்டி வாங்குவது தவிர அவர்க்கு வேறு வழி இல்லை.

அலையை உறுப்புகளால் ஆராய்வதை விடுத்து எண்களால் ஆராயலாம் என்னும் கருத்து மெல்ல மெல்ல வலுப்பெற்றது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர் ஜோசஃப் மிட்டோலா இதற்கு மென்பொருள் வானொலி என்னும் பெயரை வழங்கினார். இதன் அடிப்படை எளிது. தமிழ் இலக்கண நூலார் ஓசையின் கால அளவை மாத்திரை என்று வகுத்தனர். இயல்பாகக் கண் இமைக்கும் பொழுதும் கைவிரல் நொடிக்கும் பொழுதும் அதற்கு அளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று கணக்கிட அவ்வளவை போதுமானதாக இருந்தது. வான அலையை அளப்பதற்கோ அது போதாது. ஒரு வினாடியை இருபது இலட்சம் கூறாகப் பகுத்து, ஒவ்வொரு கூற்றிலும் அலையின் நிலை யாது என்று அளந்து எண்ணாகக் குறிக்கவேண்டும். ஒரு முறை கண் இமைப்பதற்குள் இலட்சக்கணக்கான எண்கள் குவிந்துவிடும்!

ஒவ்வொரு முறையும் ஓரெண்ணைக் குறித்தாற் போதாது, ஈரெண்கள் வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. ஊஞ்சலாடும் குழந்தையைத் திடீரென ஒரு நொடி மட்டும் கண்டவர், குழந்தை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்லலாம். ஊஞ்சல் முன்னோக்கிச் செல்கிறதா, பின்னோக்கி வருகிறதா என்று சொல்ல இயலாது. உயரத்தோடு போக்கும் தெரிந்தால் ஆட்டம் முழுவதும் விளங்கிவிடும். அலைக்கும் அத்தகைய இரண்டு அளவைகளைக் கொள்வர். அவ்விரண்டையும் கொண்டு ஒரு தாளில் புள்ளி வைத்தால், நடுவிடத்திலிருந்து அப்புள்ளியின் தொலைவு அலையின் வலிமையைக் காட்டும்; அது நிற்கும் கோணம் அலையின் கட்டத்தைக் காட்டும். தொலைவு மாறுவதைக் கணக்கிட்டால் பழைய முறையில் அனுப்பிய பேச்சு வெளிப்படும். கோணம் மாறும் விரைவைக் கணக்கிட்டால் பண்பலைப் பேச்சு வெளிப்படும். ஒரு கணக்கை விடுத்து மற்றொரு கணக்கைச் செய்தால் ஒரு பெட்டி வேறொரு பெட்டியாகிறது. அக்கணக்குகளை வரிசைப்படுத்தி எழுதுவதே நிரல் எனப்படும்.

கருத்து எளிதாயினும் கருவி நெடுங்காலம் எளிதாக இல்லை. அலையை எண்ணாக்கும் பொறிகள் விலைமிக்கனவாய் ஆராய்ச்சிக்கூடங்களிலும் படைத்துறையிலுமே இருந்தன. அவை எளியோர் கைக்கு வந்த வரலாறு சுவையானது. கணிப்பொறியில் தொலைக்காட்சி காண்பதற்கென விரல் அளவினதாகிய செருகி ஒன்று ஐரோப்பிய நாடுகளில் விற்கப்பட்டது. அதன் விலை ஏறத்தாழ 20 டாலர். ரியல்டெக் நிறுவனத்தின் சில்லு ஒன்று அதனுள் இருந்தது. தொலைக்காட்சியோடு பண்பலை வானொலியையும் கேட்குமாறு அதனை அமைத்திருந்தனர். ஆனால், பண்பலைக்கெனத் தனி உறுப்பு ஒன்றும் அதனுள் வைக்கவில்லை. அலையை எண்ணாக்கி அப்படியே கணிப்பொறிக்கு அனுப்பிவிட்டு, எஞ்சிய கணக்கைக் கணிப்பொறியின் தலையிற் சுமத்தியிருந்தனர். பின்லாந்து நாட்டு நிரலாளர் ஆண்டி பாலோசாரி இதனை உற்றுநோக்கி 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிப்படுத்தினார். பண்பலையை எண்ணாக்கி அனுப்பும் செருகி ஏனைய அலைகளையும் அவ்வாறே அனுப்பும் அன்றோ? ஆஸ்மோகாம் என்னும் குழுவைச் சார்ந்த ஸ்டீவ் மார்க்கிராஃப் முதலியோர் அதற்கு வேண்டிய நிரல்களை எழுதி யாவர்க்கும் இலவசமாக அளித்தனர். ஏறத்தாழ 24 மெகாஹெர்ட்ஸ் முதல் 1,700 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் கருவி ஒன்று, செய்தவரே எண்ணியிராத வகையில், மாணவர் கைக்கு எட்டிற்று. சிக்கனம் கருதிச் செய்த செயல் கொடையாய் முடிந்தது எனலாம்.

அதே 2012ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 29ஆம் நாள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தார் ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறியை வெளியிட்டனர். ஒரே தகட்டில் யாவும் அமைந்த இப்பொறியின் விலை 35 டாலர். நீளம் 9 செ.மீ.க்கும் குறைவு, அகலம் 6 செ.மீ.க்கும் குறைவு. கேம்பிரிட்ஜில் கணிப்பொறியியல் பயில வரும் மாணவர் தொகை குறைந்து வருவதையும், வருவோரும் முன்போல் நிரல் எழுதிப் பழகியவராய் இல்லாமையையும் கண்டு கவலையுற்ற எபன் அப்டன் என்பவர், தம் நண்பர்களோடு சேர்ந்து இதனை உருவாக்கினார். வீடுதோறும் கணிப்பொறி இருந்தும் அது மூடிய பெட்டியாய் இருந்தது. திறந்து பார்ப்பவன் வையப்படுவான். கெட்டாலும் பெரிய இழப்பில்லாத ஒரு பொறியைச் சிறுவர் கையிற் கொடுத்தால் அச்சமின்றிப் பழகுவர் என்று அவர் கருதினார். சில ஆயிரம் பொறிகள் விலைபோனாற் போதும் என்று தொடங்கிய முயற்சி 6 கோடிக்கு மேல் வளர்ந்தது. எண்ணாக்கும் செருகியும் எண்ணை ஆராயும் சிறு பொறியும் ஒரே ஆண்டில் எளியோர்க்குக் கிடைத்தமை ஒரு நற்பேறே.

இவ்விரண்டையும் இணைத்தவுடன் வானொலி பாடிவிடும் என்று எண்ணுதல் கூடாது. கற்போன் முதலில் காண்பது தோல்வியே. செருகியைக் கண்ட மாத்திரத்தில் லினக்ஸ் என்னும் இயங்குதளம், 'தொலைக்காட்சிக் கருவி வந்தது' என்று கருதி அதனைத் தன்வயப்படுத்திக்கொள்ளும். வானொலி நிரல் கேட்டால் தர மறுக்கும். தொலைக்காட்சிக்குரிய நிரற்பகுதியை விலக்குமாறு கட்டளை எழுதிவைத்த பின்னரே செருகி விடுபடும். அடுத்து, நிலையம் இருக்கவேண்டிய இடத்தில் இராது. செருகியினுள் காலத்தை அளக்கும் படிகம் மலிவானதாயின் பத்து இலட்சத்தில் ஐம்பது பங்கு வரையிற் பிழைபடக்கூடும். பிழை சிறிதெனத் தோன்றினும், 100 மெகாஹெர்ட்ஸில் அது 5 கிலோஹெர்ட்ஸ் ஆகும். 1,000 மெகாஹெர்ட்ஸில் 50 கிலோஹெர்ட்ஸ் ஆகும். செருகி சூடேறச் சூடேறப் பிழையும் நகரும். ஆதலின் தெரிந்த நிலையம் ஒன்றனைக் கேட்டுப் பிழையை அளந்து, நிரலில் அதனைக் கழிக்கவேண்டும். சிறு கணிப்பொறியும் அதன் மின்வழங்கியும் தாமே இரைச்சலை எழுப்புவன. ஆகவே வான்கம்பியை அவற்றிற்கு அப்பால் வைத்தல் நலம். இத்தகைய இடர்ப்பாடுகளை ஒவ்வொன்றாகக் களைந்தவன் வானொலியின் இயல்பை ஓரளவு உணர்ந்தவன் ஆகிறான். இடர்ப்பாடின்றி இயங்கும் பெட்டி அவனுக்கு ஒன்றும் கற்பிப்பதில்லை.

பெருந்தடை காலமே. ஒரு வினாடிக்கு 24 இலட்சம் அளவைகள். அளவைக்கு இரண்டு பைட்டுகள். ஆக 48 இலட்சம் பைட்டுகள் வினாடிதோறும் வந்துகொண்டே இருக்கும். அவை காத்திரா. முன்வந்தவற்றின் கணக்கு முடிவதற்குள் பின்வருவன வந்து நெருக்கும், இடமின்றேல் இழக்கப்படும். மேசைக் கணிப்பொறி ஆற்றலால் தாங்கும். முதலில் வந்த ராஸ்பெரி பையோ 700 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஒற்றைச் செயலியும் 256 மெகாபைட் நினைவகமும் உடையது. பின்னர் வந்தவை நான்கு செயலி உடையனவாய் விரைவு மிக்கன. அவையும் மிகுந்து உழைத்துச் சூடேறினால் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஆதலின் சிறு பொறிக்கு நிரல் எழுதுவோர் சூத்திரம் செய்த புலவரைப்போலச் சுருங்கச் செய்தல் வேண்டும். அலையை அதன் பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் கணக்கை நேர்வழியிற் செய்தால், 1,024 அளவைகளுக்குப் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட பெருக்கல்கள் வேண்டும். கூலி, டூக்கி என்னும் இருவர் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட குறுக்குவழியில் அது ஏறத்தாழ ஐயாயிரமாகச் சுருங்கும். அவ்வழி இல்லையேல் சிறு பொறியில் வானொலி என்பது கனவே.

சுருக்கத்தின் அழகை நன்கு காட்டுவது, வானூர்திகளின் அறிவிப்பைப் படிக்கும் நிரல் ஒன்று. டம்ப்1090 என்பது அதன் பெயர். இத்தாலி நாட்டவராகிய சால்வட்டோரே சன்ஃபிலிப்போ அதனை 2012ஆம் ஆண்டில் எழுதினார். வானிற் செல்லும் பெரிய வானூர்திகள் தாம் இன்னார், இவ்வளவு உயரத்தில் இவ்விடத்தில் இருக்கிறோம் என்று 1,090 மெகாஹெர்ட்ஸ் அலையில் இடைவிடாது அறிவிக்கின்றன. அறிவிப்பு ஒன்றின் நீளம் வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கினும் சற்றே மிகுதி. முதலில் 8 மைக்ரோவினாடியுள் நான்கு துடிப்புகள் வரும். நூலுக்குப் பாயிரம்போலச் செய்திக்கு அது முன்னறிவிப்பு. அதன்பின் 112 பிட்டுகள். பிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு மைக்ரோவினாடி. அதன் முற்பாதியில் துடிப்பு இருந்தால் ஒன்று. பிற்பாதியில் இருந்தால் சுழி. வினாடிக்கு இருபது இலட்சம் அளவைகள் எடுத்தால், முற்பாதிக்கு ஒன்றும் பிற்பாதிக்கு ஒன்றுமாகச் சரியாக அமைகின்றன. எது பெரிது என்று ஒப்பிட்டாலே எழுத்துத் தெரிந்துவிடும்.

ஆனால் அளவை ஒவ்வொன்றின் வலிமையையும் அறிய, ஈரெண்களையும் தனித்தனியே வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் காணவேண்டும். வினாடிக்கு இருபது இலட்சம் வர்க்கமூலம் காண்பது சிறு பொறிக்குப் பெருஞ்சுமை. பள்ளிச் சிறுவன் பெருக்கலைச் செய்வதற்கு மாறாக வாய்பாட்டை மனப்பாடம் செய்துகொள்கிறான் அல்லனோ? நிரலும் அவ்வாறே தொடக்கத்தில் ஒரு வாய்பாட்டை எழுதிவைத்துக்கொள்கிறது. எண் 256 நிலைகளில் ஒன்றாதலின், வாய்பாட்டிற்கு 65,536 கட்டங்கள் வேண்டியிருக்கும். ஆனால் மிகையெண்ணாயினும் குறையெண்ணாயினும் வர்க்கம் ஒன்றே. குறியை நீக்கிவிட்டால் 129க்கு 129, அதாவது 16,641 கட்டங்களே போதும். பின்னர்க் கணக்கே இல்லை. பார்த்து எடுப்பது ஒன்றே தொழில்.

112 பிட்டுகளுள் 24 அவ்வானூர்தியின் அடையாளம். உலகில் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சம் வானூர்திகளுக்கு மேல் வெவ்வேறு பெயரிட அவை போதும். இறுதி 24 பிட்டுகள் செய்தி பழுதின்றி வந்ததா என்று காண்பதற்கு உரியன. ஓலைச்சுவடியில் ஓரெழுத்துச் சிதைந்திருந்தால், சீரும் தளையும் நோக்கி இன்ன எழுத்தே என்று துணியும் பதிப்பாசிரியரைப்போல, ஒரு பிட்டு மட்டும் பிழைபட்டிருப்பின் நிரல் அதனைக் கண்டு திருத்திக்கொள்கிறது. இடத்தைக் குறிக்கும் செய்தி இருவகையாய் மாறி மாறி வரும். ஒன்றை மட்டும் கொண்டு இடத்தை முற்றும் துணிதல் இயலாது. பெயரெச்சம் பெயரை நோக்கி நிற்பதுபோல ஒன்று மற்றொன்றை நோக்கி நிற்கும். இரண்டும் கூடியவிடத்தே பொருள் முற்றுப்பெறுகிறது. இவ்வளவையும் கேட்பதற்கு வேண்டிய வான்கம்பியோ ஏறத்தாழ 7 செ.மீ. நீளமுள்ள ஒரு செம்புக்கம்பி! அதன் அடியில் தரைக்கு ஈடாக நான்கு கம்பிகளைச் சாய்த்துப் பற்றவைத்து, மறைப்பில்லாத மாடியில் நிறுத்தினால், உயரப் பறக்கும் வானூர்தியை 300 கி.மீ.க்கு அப்பாலும் கேட்கலாம்.

இவ்வறிவிப்புகளை விளையாட்டுப் பொருளாகக் கருதுதல் தகாது. 1996ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் அரியானாவில் சர்க்கி தாத்ரி என்னும் ஊரின்மேல், சவுதி நாட்டு வானூர்தியும் கசகத்தான் நாட்டு வானூர்தியும் நடுவானில் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர். கசகத்தான் வானூர்தி தனக்கு விதித்த உயரத்தினின்றும் கீழே இறங்கிவிட்டது. தில்லியில் அந்நாளில் இருந்த ராடார் வானூர்தி இருக்கும் திசையையும் தொலைவையும் காட்டியது, உயரத்தைக் காட்டவில்லை. கீழிருந்தோர் திரையில் இரண்டு புள்ளிகள் நெருங்குவதைக் கண்டிருப்பர்; ஒன்றன்மேல் ஒன்று கடக்கின்றனவா, மோதப்போகின்றனவா என்று அறிய வழியில்லை. அதன் பின்னர் மோதல் தவிர்க்கும் கருவியை இந்திய வான்வழியிற் செல்லும் பெரிய வானூர்திகளுக்குக் கட்டாயமாக்கினர். அக்கருவி அருகில் வரும் வானூர்தியின் உயரத்தை அறிவது இதே 1,090 மெகாஹெர்ட்ஸ் அலையில் வரும் விடையைக் கேட்டே. மாடியில் கம்பி நட்ட மாணவன் தன் சிறு பொறியின் திரையிற் காணும் 'உயரம் 35,000 அடி' என்னும் ஒருவரிக்குப் பின்னால் இத்தனை உயிர்களின் வரலாறு இருக்கிறது.

கேட்கும் ஆற்றல் கைவந்தமையால் எல்லாவற்றையும் கேட்கும் உரிமையும் வந்ததாகாது. பொதுமக்கட்கென ஒலிபரப்புவன உண்டு. வானூர்தியின் அறிவிப்புப்போல யாவரும் அறியவேண்டும் என்றே அனுப்புவன உண்டு. ஒருவர் மற்றொருவர்க்கென அனுப்பிய செய்தி வேறு. அடுத்த வீட்டுக் கடிதம் தெருவில் பறந்து வந்தாலும் பிரித்துப் படித்தல் முறையாகாது. அலையை அனுப்புவதற்கோ உரிமம் பெறுதல் வேண்டும். அதற்குத் தேர்வெழுதித் தேர்ந்து பழகுநர் வானொலியாளர் ஆதல் நல்வழி.

கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. 256 நிலைகளுக்குள் உலகையே அளக்கவேண்டியிருத்தலால், அருகில் வலிய ஒலிபரப்புக் கோபுரம் இருப்பின் மெல்லிய அலைகள் மூழ்கிப்போகும். திருவிழா மேளத்தினிடையே முணுமுணுப்பைக் கேட்பது யாங்ஙனம்? எழுத்தால் இயன்றது எனினும் வானொலி முழுவதும் எழுத்தாகிவிடவில்லை. கம்பியின் நீளமும் நிற்கும் உயரமும் இடையே அமைக்கும் வடிகட்டியும் இன்னும் கைத்தொழிலைச் சார்ந்தனவே. கையும் கருத்தும் சேர்ந்து உழைக்கும் இடமாக இத்துறை எஞ்சியிருப்பது மாணவர்க்கு நன்மையே.

வானிலைப் படங்களைப் பெறுவதற்கும் பலர் இச்சிறு பொறியைப் பயன்படுத்தினர். அமெரிக்க நாட்டு நோவா-15, நோவா-18, நோவா-19 என்னும் செயற்கைக்கோள்கள் தம் தலைக்குமேற் கடக்கும் பொழுதெல்லாம், கீழே தெரியும் முகிலையும் கடலையும் 137 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஒலியின் ஏற்ற இறக்கமாக அனுப்பிவந்தன. வினாடிக்கு இரண்டு வரியாகப் படம் திரையில் விரியும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 53 செ.மீ. நீளமுள்ள இரண்டு கோல்களைச் சாய்வாக விரித்துவைத்தாற் போதும். தன் ஊரின்மேற் சூழும் மேகத்தை மாணவன் தானே கண்டான். 1998ஆம் ஆண்டில் ஏவிய நோவா-15 இருபத்தேழு ஆண்டுகள் உழைத்தது. 2025ஆம் ஆண்டு சூன் திங்களில் நோவா-18 பணி நிறுத்தப்பட்டது. ஆகத்துத் திங்களில் ஏனைய இரண்டும் நிறுத்தப்பட்டன. அவ்வொலியைப் படிக்க எழுதிய நிரல்கள் வேலையற்றுப் போயின. உருசிய நாட்டு மீட்டியார்-எம் வரிசைக் கோள்கள் அதே 137 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் படம் அனுப்புவன. ஆனால் அவை ஒலியாக அனுப்பாமல் இலக்கங்களாக அனுப்புகின்றன. நோவா கோள்களைக் கேட்டுப் பழகியோர் பலர் மாடியில் இருந்த கோல்களைக் கழற்றவில்லை, செருகியையும் மாற்றவில்லை. புதிய நிரலை ஏற்றிவிட்டு, மீட்டியார் அடிவானத்தில் எழும் நேரத்தைக் குறித்துக்கொண்டு காத்திருந்தனர்.